விலை கேட்டுப் பயந்து வீட்டில் உட்காராதீர்கள்!

சென்ற ஆண்டு என் வகுப்பில் ஒரு சிறுமி இருந்தாள். நான்காம் ஆண்டு மாணவி. வாய்பாடு கேட்டால் பட்டென்று ஒப்புவிப்பாள். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். ஆனால் வாரத்தில் ஒரு நாளாவது பள்ளிக்கு மட்டம் போட்டுவிடுவாள். வருகிற நாளிலும் மணியடித்து அரை மணி நேரம் கழித்துத்தான் வருவாள். காரணம் கேட்டால் தலையைக் குனிந்துகொள்வாள், பதில் வராது. ஒரு நாள் மாலை அவள் வீட்டுக்கே போனேன்.

தாயும் தகப்பனும் விடிவதற்கு முன்பே தொழிற்சாலை பஸ் ஏறிவிடுகிறார்கள். வீட்டில் இருப்பது பாட்டி மட்டும். அறுபத்தெட்டு வயது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். விடியாத இருட்டில், நெற்றி விளக்கின் வெளிச்சத்தில், மரத்தில் காயம் படாமல் பட்டையை மட்டும் இழை இழையாகச் சீவிய கை அந்தக் கை. அன்று அது சுவரைத் தடவிக்கொண்டு நாற்காலியைத் தேடியது.

“கண்ணுல பூ விழுந்திருச்சு, வாத்தியாரே. எல்லாம் பனிமூட்டமாத்தான் தெரியுது. இந்தப் பிள்ளைதான் எனக்குக் கைத்தடி” என்றார்.

பாட்டிக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பதும், குளியலறைக்குக் கைப்பிடித்து அழைத்துப் போவதும், கிளினிக்குக்குத் துணை போவதும் அந்தப் பத்து வயதுக் குழந்தைதான். பிறகு எங்கே நேரத்தோடு பள்ளிக்கு வருவது?

“ஆஸ்பத்திரிக்குப் போகவில்லையா, அம்மா?” என்று கேட்டேன். போயிருக்கிறார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் பட்டணத்தில் ஓரிடத்தில் காட்டியிருக்கிறார்கள். “உள்ளே ஒரு லென்ஸ் வைக்க வேண்டும். நல்ல லென்ஸ். ஒரு கண்ணுக்கு எட்டாயிரம் வெள்ளி” என்று சொல்லியிருக்கிறார்கள். இரண்டு கண்ணுக்குப் பதினாறாயிரம்! தலை சுற்றிப்போய் வீடு திரும்பியவர்கள் அதோடு அந்தப் பேச்சையே விட்டுவிட்டார்கள். அதைவிட எளிய லென்ஸ் ஒன்று உண்டு என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை.

அன்பார்ந்த வாசகர்களே, இந்தக் கதை அந்த ஒரு வீட்டுக் கதையா? உங்கள் லயத்திலும், உங்கள் தாமானிலும், இப்படிச் சுவரைத் தடவும் ஒரு பாட்டியோ தாத்தாவோ இல்லையா? அவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

கண்புரை என்பது என்ன?

நம் கண்ணின் கருமணிக்குப் பின்னால், ஒரு சிறு பருப்பின் வடிவத்தில், தெளிவான வில்லை ஒன்று இருக்கிறது. கேமராவில் உள்ள லென்ஸ் செய்கிற வேலையைத்தான் அது செய்கிறது. வயதாக ஆக அந்த வில்லை மெல்ல மெல்ல மங்குகிறது. பழைய கண்ணாடி ஜன்னலில் புகை படிவதுபோல் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதுதான் கண்புரை. ‘பூ விழுந்துவிட்டது’ என்று பெரியவர்கள் சொல்வது பெரும்பாலும் இதையே.

இது தொற்றுநோய் அல்ல; யாருடைய கண்ணேறும் அல்ல. முதுமையே முதல் காரணம். நீரிழிவு இருந்தால் இன்னும் சீக்கிரம் வரும். புகைபிடிப்பது, நீண்ட நாள் கடும் வெயிலில் உழைப்பது, கண்ணில் அடிபடுவது ஆகியவையும் காரணங்கள்.

சொட்டு மருந்து விட்டுக் கண்புரையைக் கரைக்க முடியாது. தேன் விட்டாலும் கரையாது, மூலிகைச் சாறு விட்டாலும் கரையாது. கண் புண்ணாவதுதான் மிச்சம். மங்கிய வில்லையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் செயற்கை வில்லை ஒன்றை வைப்பது ஒன்றே வழி.

மாணவர் கேட்ட ஒரு கேள்வி

இந்தச் செயற்கை வில்லை வந்த கதை சுவையானது. முன்பெல்லாம் மங்கிய வில்லையை எடுத்துவிடுவார்கள். பதிலுக்கு உள்ளே எதையும் வைக்கமாட்டார்கள். அதனால் சோடாப் புட்டியின் அடிப்பாகம் போன்ற தடித்த கண்ணாடி போட வேண்டியிருந்தது. அப்படிக் கண்ணாடி போட்ட தாத்தாக்களைத் தோட்டத்துக் கோயில் திருவிழாக்களில் நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

1940-ஆம் ஆண்டு, இரண்டாம் உலகப் போர் நேரம். பிரிட்டிஷ் போர் விமானிகள் சிலரின் கண்ணுக்குள், விமானத்தின் மேல்மூடி உடைந்து சில்லுகள் பாய்ந்துவிட்டன. அந்த மூடி பெர்ஸ்பெக்ஸ் என்னும் பிளாஸ்டிக்கால் ஆனது. சாதாரணமாகக் கண்ணுக்குள் தூசி விழுந்தாலே சிவந்து வீங்கும். ஆனால் இந்தச் சில்லுகளைக் கண் பொறுத்துக்கொண்டது. இதைக் கவனித்தவர் லண்டன் கண் மருத்துவர் ஹெரால்டு ரிட்லி.

பின்னர் ஒரு நாள் அவர் கண்புரை அறுவையைச் செய்து காட்டியபோது, அருகில் நின்ற மாணவர் ஒருவர், “எடுத்த வில்லைக்குப் பதில் வேறொன்றை ஏன் வைக்கக் கூடாது?” என்று கேட்டாராம். மாணவர்களின் கேள்விகளை நாம் அலட்சியப்படுத்தக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா? 1949-ஆம் ஆண்டு நவம்பர் 29-ஆம் நாள், லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில், பிளாஸ்டிக் வில்லையை மனிதக் கண்ணுக்குள் ரிட்லி முதன்முதலாக வைத்தார்.

உலகம் உடனே மாலை போட்டுவிடவில்லை. பெரிய பெரிய மருத்துவர்களே பல ஆண்டுகள் அவரை எதிர்த்தார்கள். அவரோ பொறுமையாக இருந்தார். முதுமையில் அவருக்கே கண்புரை வந்தது. தாம் கண்டுபிடித்த வில்லையைத் தம் இரு கண்களிலும் வைத்துக்கொண்டார்! 2000-ஆம் ஆண்டில் ‘சர்’ பட்டம் பெற்று, 2001-இல் காலமானார்.

இதற்கிடையே 1967-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் சார்லஸ் கெல்மன் இன்னொரு வழி கண்டார். பல் மருத்துவரின் நாற்காலியில் அமர்ந்திருந்தபோது, பல்லைச் சுத்தம் செய்யும் அதிர்வுக் கருவியைப் பார்த்து அவருக்கு யோசனை பிறந்தது. காதுக்குக் கேட்காத ஒலியின் அதிர்வால் மங்கிய வில்லையைத் தூளாக்கி உறிஞ்சி எடுத்துவிடலாம். அதன்பின், 1980-களில் மடிக்கக்கூடிய வில்லைகள் வந்தன. இரண்டும் சேர்ந்ததும் பெரிய வெட்டுக்கு வேலை இல்லாமல் போயிற்று. இரண்டு மூன்று மில்லிமீட்டர் துளை போதும். வில்லையை மடித்து உள்ளே விடுவார்கள். அது கண்ணுக்குள் விரிந்துகொள்ளும். பெரும்பாலும் தையலும் தேவைப்படுவதில்லை.

மதுரையில் உடைந்த விலை

வில்லை வந்துவிட்டது. ஆனால் விலை? 1980-களின் இறுதியில் மேல்நாட்டு வில்லை ஒன்று ஏறக்குறைய நூறு அமெரிக்க டாலர். ஏழை நாட்டுக் கூலித் தொழிலாளி எப்படி வாங்குவான்? பணக்காரனுக்கு வில்லை, ஏழைக்குச் சோடாப் புட்டிக் கண்ணாடி என்றுதான் இருந்தது.

இந்த நிலையை உடைத்த ஊர் மதுரை. டாக்டர் கோ. வெங்கடசாமி என்பவர் அரசாங்க வேலையில் ஓய்வு பெற்றபின், 1976-ஆம் ஆண்டில், பதினொரு கட்டிலோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். இளவயதிலேயே கீல்வாதத்தால் அவர் விரல்கள் கோணிப்போயிருந்தன. அந்த விரல்களால் கத்தி பிடிக்கப் பழகி, பல்லாயிரக்கணக்கான கண்களுக்கு அறுவை செய்தவர் அவர்.

வில்லையின் விலை இடித்தபோது, “நாமே செய்தால் என்ன?” என்று கேட்டார்கள். 1992-ஆம் ஆண்டில் மதுரையிலேயே ‘அரோலேப்’ என்ற தொழிற்கூடம் எழுந்தது. தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து வந்த பெண்கள் பயிற்சி பெற்று, உருப்பெருக்கியின் முன் அமர்ந்து வில்லைகளைச் செய்தார்கள். நூறு டாலர் வில்லை பத்து டாலர் அளவுக்கு இறங்கியது. சாதாரண வகை பின்னர் அதற்கும் கீழே போனது. இன்று அந்த வில்லைகள் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகின்றன.

இதை நான் பெருமைக்காக மட்டும் சொல்லவில்லை. வில்லை என்பது தங்கமோ வைரமோ அல்ல. ஆறு மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு பிளாஸ்டிக் துண்டு. அதை நல்ல தரத்தோடு குறைந்த விலையிலும் செய்ய முடியும் என்று மதுரை காட்டிவிட்டது. ஆகவே விலை அதிகம் என்றால், எதற்காக அதிகம் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

நம் நாட்டில் பெருகும் வியாபாரம்

நம் மலேசியாவிலும் இந்த வில்லைகளுக்கும் கருவிகளுக்கும் தேவை ஆண்டுக்காண்டு கூடிவருகிறது. ஏன்?

முதலாவது, நாம் முதுமை அடைகிறோம். 2030-ஆம் ஆண்டளவில் நம் மக்கள்தொகையில் 60 வயதைத் தாண்டியோர் 15 விழுக்காட்டை எட்டுவர் என்பது மதிப்பீடு. இரண்டாவது, நீரிழிவு. 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. நம் இந்தியர்களிடையே எவ்வளவு தெரியுமா? 31.4 விழுக்காடு! பத்துப் பேரில் மூவர்.

மூன்றாவது, இன்னும் அறுவை செய்யாமல் இருப்போரின் கூட்டம். 2014-ஆம் ஆண்டில் நடந்த தேசியக் கண் ஆய்வு, 50 வயதுக்கு மேற்பட்டோரிடையே பார்வை இழப்புக்குக் காரணம் என்ன என்று கண்டறிந்தது. அவர்களில் 58.6 விழுக்காட்டினர் பார்வை இழந்தது சிகிச்சை செய்யாத கண்புரையால்தான். அதாவது, பார்வை இழந்த பத்துப் பேரில் ஏறக்குறைய ஆறு பேர், ஒரு சிறு அறுவையால் மீண்டும் பார்த்திருக்கக்கூடியவர்கள். நெஞ்சு பதறவில்லையா?

தேவை இருக்கும் இடத்தில் வியாபாரி இருப்பார். அமெரிக்க, ஜெர்மன், ஜப்பானியக் கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டு புதுப்புது வில்லைகளையும் இயந்திரங்களையும் கொண்டுவருகின்றன. இதைக் குறையாகச் சொல்லவில்லை. போட்டியால்தான் தரமும் உயர்கிறது. மேலும் 2012-ஆம் ஆண்டின் மருத்துவச் சாதனச் சட்டப்படி, இங்கே விற்கப்படும் வில்லைகள் முறையாகப் பதிவு செய்யப்பட வேண்டும். ஆனால் துணிக்கடையில் நுழைந்தால் விற்பவர் முதலில் காட்டுவது பட்டுப் புடவையைத்தானே? நூல் புடவையும் மானத்தைக் காக்கும் என்பது வாங்குகிற நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பட்டா, நூலா? எந்த வில்லை?

சாதாரண வில்லை: ஒரே தூரத்துக்கு ஏற்றது. பெரும்பாலும் தூரப் பார்வைக்கு வைப்பார்கள். வழி தெரியும், ஆள் தெரியும், பஸ் எண் தெரியும். புத்தகம் படிக்கவும் ஊசியில் நூல் கோக்கவும் மட்டும் ஒரு படிக்கும் கண்ணாடி தேவைப்படும். உலகில் மிகுதியாக வைக்கப்படுவது இந்த வகையே.

டோரிக் வில்லை: கருவிழியின் வளைவு ஒரு சீராக இல்லாதவர்களுக்கு அந்தக் கோளாறையும் சேர்த்துத் திருத்துவது. தேவையுள்ளவர்களுக்குப் பயன் உண்டு, எல்லாருக்கும் தேவையில்லை.

பல்குவிய வில்லை: தூரம், கிட்டம் இரண்டையும் பார்க்க உதவுவது. படிக்கும் கண்ணாடியின் தேவை குறையும். விலை மிக அதிகம். சிலருக்கு இரவில் விளக்குகளைச் சுற்றி ஒளிவட்டம் தெரியும். இருட்டில் மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்கள் இதை யோசிக்க வேண்டும். நீரிழிவால் கண்ணின் விழித்திரை கெட்டுப்போனவர்களுக்குப் பெரும்பாலும் இது ஏற்றதல்ல.

இப்போது புரிகிறதா? பார்வையைத் திருப்பித் தருவது மங்கிய வில்லையை எடுத்துப் புதியதை வைக்கும் அந்த அறுவைதான். அந்த வேலையைச் சாதாரண வில்லையே செய்துவிடும். அதற்கு மேல் கொடுக்கும் பணம் பெரும்பாலும் கண்ணாடி போடாத வசதிக்காக. வசதியுள்ளவர்கள் தாராளமாக வாங்கலாம். ஆனால் பட்டு வாங்கப் பணமில்லை என்பதற்காக நூல் புடவையும் வேண்டாம் என்று இருந்துவிடுவோமா?

எங்கே போவது? என்ன கேட்பது?

முதலில் அருகிலுள்ள அரசாங்க கிளினிக்குக்குப் போங்கள். குடிமக்களுக்கு அங்கே கட்டணம் ஒரு வெள்ளி. அங்கிருந்து கடிதம் வாங்கிக்கொண்டு அரசாங்க மருத்துவமனையின் கண் பிரிவுக்குப் போங்கள். சாதாரணக் கட்டண நோயாளிக்கு அங்கே நிபுணரைப் பார்க்க ஐந்து வெள்ளிக்கு மேல் ஆகாது. காத்திருக்க வேண்டியிருக்கும், உண்மை. சில மாதங்கள்கூட ஆகலாம். அதனால்தான் முற்றும் வரை காத்திராமல் இன்றே பெயரைப் பதியுங்கள் என்கிறேன்.

வில்லைக்குத் தனியே எவ்வளவு, எந்த வகை வைக்கப் போகிறார்கள் என்று முன்கூட்டியே கேளுங்கள். கட்ட வழியில்லை என்றால் வாய்விட்டுச் சொல்லுங்கள். மருத்துவமனையில் சமூகப் பணிப் பிரிவு இருக்கிறது. ஏழை நோயாளிகளின் நிலையை விசாரித்து உதவுவதே அவர்கள் வேலை. குறைந்த வருமானக் குடும்பங்களில் 40 வயதைத் தாண்டியோருக்காக 2019-ஆம் ஆண்டில் தொடங்கிய ‘பெக்கா பி40’ திட்டத்தில் மருத்துவக் கருவிகளுக்கான உதவியும் உண்டு. அதைப் பற்றியும் அங்கேயே கேளுங்கள். கேட்பது பிச்சை அல்ல. அது நமக்கான திட்டம்.

தனியாரிடம் போவதானால் இந்த மூன்று கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: சாதாரண வில்லை வைத்தால் மொத்தம் எவ்வளவு? விலை கூடிய வில்லை என் கண்ணுக்கு எதற்காக? பிறகு வரும் சொட்டு மருந்தும் பரிசோதனையும் அதில் அடங்குமா? பதிலை எழுதி வாங்குங்கள். சந்தேகம் இருந்தால் இன்னோர் இடத்திலும் கேளுங்கள்.

அறுவை முடிந்ததும் வில்லையின் பெயர், அளவு, எண் அடங்கிய ஓர் அட்டை தருவார்கள். அதை அடையாள அட்டையைப்போல் பத்திரமாக வைத்திருங்கள். பின்னாளில் எந்த மருத்துவரிடம் போனாலும் அது உதவும்.

வீண் பயம் வேண்டாம்

“நன்றாகப் பழுத்தபின் எடுத்தால் போதும்” என்பார்கள். அது பழைய காலப் பேச்சு. அதிகம் முற்றினால் வில்லை கல்லாக இறுகும், அறுவையும் கடினமாகும், சிலருக்குக் கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நிரந்தரக் கேடும் வரும்.

“கண்ணையே வெளியே எடுத்துவிடுவார்களாமே?” இல்லை. கண்ணை எடுப்பதில்லை. பெரும்பாலோருக்கு மயக்க மருந்தும் கொடுப்பதில்லை. கண்ணை மட்டும் மரத்துப்போகச் செய்வார்கள். ஏறக்குறைய இருபது முப்பது நிமிட வேலை. பெரும்பாலோர் அன்றே வீடு திரும்பலாம். வழக்கமாக ஒரு கண் குணமான பின்பே மறு கண்.

ஆனால் கவனம் வேண்டும். அறுவைக்கு முன் இனிப்பு நீரையும் இரத்த அழுத்தத்தையும் கட்டுப்பாட்டில் வையுங்கள். அறுவைக்குப் பின் சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடுங்கள். கண்ணைக் கசக்கக் கூடாது. அழுக்குத் தண்ணீர் படக் கூடாது. வலி கூடினாலோ, கண் சிவந்தாலோ, பார்வை திடீரென்று குறைந்தாலோ, மறுநாள் பார்க்கலாம் என்று இராமல் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். சில மாதங்களோ ஆண்டுகளோ கழித்து மறுபடியும் மங்கலானால், வில்லை கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். வில்லையைத் தாங்கும் மெல்லிய பை மங்கியிருக்கக்கூடும். லேசர் ஒளியால் சில நிமிடங்களில் சரிசெய்வார்கள்.

இன்னொன்று. பார்வை மங்குவதெல்லாம் கண்புரை ஆகாது. நீரிழிவால் விழித்திரை கெட்டிருந்தால் வில்லை மட்டும் மாற்றிப் பயனில்லை. ஆகவே நீரிழிவு உள்ளவர்கள் ஆண்டுக்கொரு முறையாவது கண்ணைக் காட்ட வேண்டும்.

பாட்டி சொன்ன முதல் வார்த்தை

அந்தப் பாட்டியை நானும் அவர் மகனும் அரசாங்க மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். நாலு மாதம் காத்திருந்தோம். வலது கண்ணில் சாதாரண வில்லைதான் வைத்தார்கள். மறுநாள் கட்டு அவிழ்த்து வீட்டுக்கு வந்தார். நானும் போயிருந்தேன். என்ன சொல்லப் போகிறார் என்று எல்லாரும் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

சுற்றிலும் ஒரு முறை பார்த்தார். சாமி மேடைப் பக்கம் திரும்பினார். “குத்துவிளக்கு என்னடி இப்படிக் கறுத்துக் கிடக்கு? யாரும் புளி போட்டுத் தேய்க்கிறதில்லையா?” என்று மருமகளைக் கேட்டார். மருமகளுக்கு வெட்கமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. பிறகு பேத்தியை அருகில் இழுத்து முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “முன்பல்லு முளைச்சதைக்கூட நான் பார்க்கலையே” என்றார். அப்போதுதான் அழுதார்.

அந்தச் சிறுமி இப்போது ஐந்தாம் ஆண்டு. மணியடிக்கும் முன் வந்துவிடுகிறாள். இடது கண்ணுக்கும் தேதி கிடைத்துவிட்டது.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று நம் பெரியவர்கள் கேலியாகச் சொல்வார்கள். கண்புரையைப் பொறுத்தவரை சூரியனை மீண்டும் பார்க்க வழி இருக்கிறது. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ சுவரைத் தடவும் பெரியவர் யாராவது இருந்தால், இந்தப் பக்கத்தை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். அவரால் படிக்க முடியாதல்லவா? படித்து முடித்ததும் கையோடு கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள்.